பட்சிக்கு ஒரு பத்தி

குஞ்சப்பனைக்கு மேலே, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
சரிவுக்குள் ஒரு சாய்வுமானியைப் புதைத்திருக்கிறோம்.
மண் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும்
கோத்தகிரி அலுவலகத்தில் என் மேசை மேல்
பச்சை விளக்கு மஞ்சளாகும்.
மஞ்சள் என்றால் போய்ப் பார். சிவப்பு என்றால் சாலையை மூடு.
பச்சை என்றால் டீ குடி, என்பார் போஜன்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில்
விளக்கு பச்சையாக இருந்தபோதே சாலையை மூடினேன்.
காரணம் கேட்ட கோட்டப் பொறியாளரிடம்
"பட்சி சொல்லுச்சு சார்" என்றா சொல்ல முடியும்?
"ஈரப்பதம் கூடுதல்" என்று எழுதிக் கொடுத்தேன்.
ஆறு மணி நேரம். ஒரு கல்கூட உருளவில்லை.
பதினோரு லாரி கேரட்
ஏலம் முடிந்த பிறகு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.
அரவேணுவில் நின்றுபோன கல்யாண வேனிலிருந்து
பெண்ணின் சித்தப்பா இறங்கி வந்து
என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.
மெமோ தபாலில் வந்தது.

அடுத்த மழையில் அதே உறுத்தல்,
அதே இடத்தில், தொண்டைக்குழிக்குக் கீழே.
இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டேன்.
விளக்கு பச்சையாகவே இருந்தது,
சரிவு இறங்கி வந்து நிழற்குடையைத் தூக்கிப்
பள்ளத்தில் வைக்கும் வரை.
கருவி பொய் சொல்லவில்லை.
அது நின்ற இடத்தில் மண் அசையவில்லை,
சரிந்தது இருபதடி தள்ளி.
நிழற்குடையில் யாருமில்லை.
அந்த 'யாருமில்லை'யை
இன்னமும் நடுராத்திரியில் எழுந்து சரிபார்க்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட்டேன்.
எண்ணிப் பார்க்காத எதையும்
நம்பவும் தெரியாது எனக்கு, விடவும் தெரியாது.
இரண்டு பத்தி. கருவிக்கு ஒன்று, பட்சிக்கு ஒன்று.
அது கூவிய தேதி, நேரம்,
கூவுமுன் எங்கே நின்றேன், எப்படித் தூங்கினேன்.

மூன்று மழைக்காலத்தில் பதினொரு முறை கூவியது.
நான்கு பலித்தது:
மூன்று தடவை கூடை மண், ஒரு தடவை பாதிச் சாலை.
பதினொன்றுக்கு நான்கு.
சீட்டு ஆடுகிறவர்கூடச் சிரிப்பார்.

பொய்த்தவற்றைத் தனியாக அடுக்கிப் படித்தேன்.
முந்தின இரவு மகளுக்குக் காய்ச்சல்.
வங்கியிலிருந்து கடிதம்.
வேறெங்கோ மலை சரிந்த செய்தியை
விடிய விடியப் போனில் பார்த்தது.
அது பட்சியே இல்லை. பயம்,
இறகு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

பலித்த நான்கிலும் ஒரே வரி,
என் கையெழுத்திலேயே, நான் யோசிக்காமல் எழுதியது:
"வளைவில் பைக்கை நிறுத்தினேன். அமைதியாக இருந்தது."
மழை ஊறிய சரிவில் என்ன அமைதி?
அங்கே பாறை இடுக்கில் விரல் தடிமனுக்கு ஒரு ஊற்று
எந்நேரமும் ஓரக் கால்வாயில் கொட்டும்.
அது நின்றிருக்கிறது.
தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.
கேட்காமல் போன சத்தத்தைக் காது கேட்டுவிட்டு,
மூளைக்கு மனுப் போட நேரமில்லாமல்
நேராகத் தொண்டையில் வந்து தட்டியிருக்கிறது.

ஊற்றுக்கும் ஒரு மானி கேட்டு எழுதியிருக்கிறேன்.
கோப்பு ஊட்டியில் தூங்குகிறது.
அதுவரை ஊற்றைக் கருவிப் பத்திக்கு மாற்றிவிட்டேன்.
இனி பட்சிப் பத்தி காலியாகத்தான் கிடக்கும் என்று நினைத்தேன்.

இன்று மாலை ஐந்து நாற்பது.
விளக்கு பச்சை.
ஊற்று கொட்டுகிறது, போஜன் போனைப் பக்கத்தில் பிடித்துக் கேட்கவைத்தார்.
நேற்று நன்றாகத் தூங்கினேன். மகள் சௌக்கியம். வங்கி மௌனம்.
ஆனாலும், தொண்டைக்குழிக்குக் கீழே.

சாலையை மூடவில்லை.
டீயைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு
ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டேன்.
டார்ச், அளவுநாடா, நோட்டு.
பன்னிரண்டு என்று எழுதி
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.
கற்பூர மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்குகிறது.
மூன்றாவது உதையில் பைக் கிளம்பியது.